அச்சும் முகமும்: காந்த மெல்லேடுகளைத் தமிழில் விளக்குதல்

1. தோற்றுவாய்

கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்க்குப் பால்மரத்தின் வெட்டுக்கோடு நன்கு பழகிய ஒன்று. அக்கோடு கிடைமட்டமாக இருப்பதில்லை. மரத்தை நோக்கி நிற்பவரின் இடக்கைப் பக்கம் உயர்ந்தும் வலக்கைப் பக்கம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் அது இறங்கும். பால் வழிந்து மங்கில் விழுவதற்காகவே இச்சாய்வு என்று பலர் கருதுவர். அது பாதிக் காரணமே. வழிவதற்கு மட்டுமாயின் வலமிருந்து இடமாகவும் சாய்த்து வெட்டலாம். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. இடப்புறத்துக் கீழிருந்து வலப்புறத்து மேல்நோக்கிச் சில பாகை சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. ஆகவே இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு கூடுதலான குழாய்களை அறுக்கும். எதிர்ப்புறமாக இறங்கும் அதே நீள வெட்டு அவற்றினும் குறைவானவற்றையே அறுக்கும். மரம் ஒன்று, உளி ஒன்று, வெட்டின் நீளமும் ஒன்று; திசை மாறினால் பாலின் அளவு மாறுகிறது.

ஒரு பொருளின் பண்பு அதனை எத்திசையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுமாயின், அதனைக் குறிக்க இயற்பியலில் தனியொரு சொல் உண்டு. ஆங்கில நூல்கள் அதனை அனைசோட்ராபி என்னும். கிரேக்க வேர்களை அவிழ்த்தால் ‘ஒத்த திருப்பம் இல்லாமை’ என்பது பொருள். காந்தப் பொருள்களில் இப்பண்பு எவ்வாறு தோன்றுகிறது, மிக மெல்லிய ஏடுகளாக அடுக்கும்போது அது எவ்வாறு புதிய வடிவம் கொள்கிறது, அதனைத் தமிழில் கூறுவதற்கு நம்மிடம் எத்தகைய சொற்கள் உள்ளன என்பனவே இவ்வுரையின் பொருள்.

மொழியியல் பயின்றவர் இயற்பியலுக்குள் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கூலிம் நகரில் சொல்லாக்கம் குறித்துப் பேசி முடித்தபின், தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். கணினியின் வன்தட்டுகளுக்குரிய காந்தத் தட்டுகளைச் சோதிப்பது அவருடைய பணி. “ஐயா, பதினாறு வருசமா அந்தத் தட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு லேயருக்கும் பேரு தெரியும். எங்கம்மா தோட்டத்துல மரம் வெட்டுனவங்க. நீ அங்க என்னம்மா செய்யிறேன்னு கேட்டாங்க. டிஸ்க்குன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட வார்த்தை இல்லீங்க” என்றார். அன்று நம்மிடமும் விடை இல்லை. இவ்வுரை அவ்வம்மையாருக்குக் கடன்பட்டது.

2. வத்திராயிருப்பின் ஆய்வாளர்

இத்துறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள், இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். 1928இல் சர் சி. வி. இராமனுடன் இணைந்து செய்த ஒளிச்சிதறல் ஆய்வால் அவருடைய பெயர் பரவலாக அறியப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கும், 1933 முதல் மீண்டும் கல்கத்தாவிலும், அவர் மேற்கொண்ட பெரும்பணி படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அளப்பதேயாகும். 1940இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1947இல் புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

அவருடைய முறை எளிமையும் நுட்பமும் ஒருங்கே கொண்டது. ஒரு சிறு படிகத்தை மிக மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டுச் சீரான காந்தப்புலத்தின் நடுவே நிறுத்தினார். படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எல்லாத் திசைகளிலும் ஒன்றாயின் அது எப்படியும் நிற்கும். வேறுபடுமாயின் தனக்கு உகந்த திசையைப் புலத்தோடு பொருத்திக்கொண்டு நிற்கும். பின்னர் இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். படிகம் தன் நிலையை எளிதில் விட்டுக்கொடுக்காது. மெல்ல மெல்லத் திரும்பும். ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும் திடீரெனப் புரண்டுவிடும். அந்நேரத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதைக்கொண்டு இரு திசைகளின் காந்த ஏற்புத்திறனுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டார்.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களில் மூலக்கூறுகள் தட்டையானவை. அவை படிகத்தினுள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை இம்முறுக்கிலிருந்தே கிருஷ்ணனும் அவருடைய உடனாய்வாளர்களும் உய்த்துணர்ந்தனர். கண்ணுக்குத் தெரியாத அணு வரிசையை ஓர் இழையின் திருகல் கூறிவிட்டது. ‘முறுக்கினால் எவ்வளவு எதிர்க்கிறது?’ என்னும் இவ்வினா பின்னால் மீண்டும் வரும் என்பதை நினைவிற்கொள்வோம்.

3. திசைச்சார்பு என்னும் சொல்

இனி இப்பண்புக்குப் பெயர் வேண்டும். ‘திசையொவ்வாமை’ என்பது சொல்லமைப்பில் பிழையற்றது. ஒத்தலின் எதிர்மறை ஒவ்வாமை. ஆயினும் இன்றைய வழக்கில் ஒவ்வாமை என்றதும் தும்மலும் தோல் அரிப்புமே நினைவுக்கு வரும். மருத்துவம் அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘திசைமாறுபாடு’ எனின் திசையே மாறுகிறது என்று மாணவர் மயங்குவர். மாறுவது திசையன்று; திசையைப் பொறுத்து அளவு மாறுகிறது. ஆகவே ‘திசைச்சார்பு’ என்பதை நாம் இங்கு மேற்கொள்கிறோம். பண்பு திசையைச் சார்ந்துள்ளது என்னும் பொருள் அதில் நேரே கிடைக்கிறது.

ஒரு சொல்லைத் தேர்ந்தால் அதன் அண்டை வீட்டுச் சொற்களையும் பார்த்தாக வேண்டும். மின்னணுவியல் பாடநூல்களில் பயாஸ் என்பதற்கு முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு எனச் ‘சார்பு’ என்றே எழுதி வருகின்றனர். நம் உரையின் பிற்பகுதியில் வரவிருக்கும் நிகழ்வின் ஆங்கிலப் பெயரிலும் பயாஸ் என்னும் சொல் உண்டு. அங்கும் சார்பு என்றால் இருவேறு கருத்துகள் ஒரு சொல்லில் மோதும். அதனால் பயாஸ் என்பதற்கு இவ்விடத்தில் ‘சாய்வு’ என்போம். ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழியில் சாய்வான கோட்டைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது.

காந்தம் என்னும் சொல்லே ஒரு சிறு வரலாறு. வடமொழியில் அயஸ்காந்தம் என்றால் இரும்பின் காதலுக்குரியது என்பது பொருள். சீனரும் அதனை அன்புக்கல் என்றே பெயரிட்டனர். ஈர்ப்பைக் காதலாகக் கண்ட அக்காலப் பெயர்கள் ஒரு செய்தியைக் கூறாமல் விட்டன: காந்தப் பொருளுக்குள்ளேயே விருப்பமும் வெறுப்பும் உண்டு என்பதே அது.

4. எளிய அச்சும் கடின அச்சும்

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள். இவற்றின் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்காந்தம் போல நடந்துகொள்கிறது. அண்டை அணுக்களின் காந்தங்கள் ஒரே பக்கம் நோக்கி நிற்க விழைகின்றன. இவ்விழைவுக்குக் காரணமான விசையைப் பரிமாற்று இடைவினை என்பர். 1928இல் ஹைசன்பர்க் இதனைக் குவாண்டக் கொள்கையால் விளக்கினார். பரிமாற்றம் என்றதும் கொடுக்கல் வாங்கல் நினைவுக்கு வரலாம். பந்தியில் பரிமாறுவதும் நினைவுக்கு வரலாம். இங்கே எதுவும் கைமாறுவதில்லை. இரு எலக்ட்ரான்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் வேறுபாடு காண இயலாது என்னும் குவாண்ட விதியின் விளைவே இவ்விசை. ஆங்கிலச் சொல்லும் இதே மயக்கத்தைத் தருகிறது. ஆகவே பெயரை மாற்ற முயலாமல் பொருளை விளக்கிவிடுவதே தக்கது.

ஒரே பக்கம் நோக்கி நிற்பது என முடிவாகிவிட்டது. எப்பக்கம் என்பதே அடுத்த வினா. அதனைப் படிகம் முடிவுசெய்கிறது. இரும்பின் படிகம் கனசதுர அமைப்புடையது. அதன் காந்தம் கனசதுரத்தின் விளிம்புத் திசைகளில் எளிதாக நிற்கும். நிக்கலில் மூலைவிட்டத் திசைகள் எளியவை. கோபால்ட்டின் படிகம் அறுகோணத் தூண் போன்றது. தூணின் நெடுக்கு அச்சே அதற்கு உகந்தது. உகந்த திசையை எளிய அச்சு என்றும், அதற்குக் குறுக்கானதைக் கடின அச்சு என்றும் கூறுவர். காந்தத்தை எளிய அச்சிலிருந்து கடின அச்சுக்குத் திருப்ப ஆற்றல் செலவாகும். அவ்வாற்றலின் அளவே திசைச்சார்பின் வலிமை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அச்சுக்கு முனைகள் இரண்டு. கோபால்ட்டின் காந்தம் தூணின் மேல்முனையை நோக்கினாலும் கீழ்முனையை நோக்கினாலும் ஆற்றல் ஒன்றே. கடைத்தெருவுக்குச் செல்லும் சாலை கிழக்கு மேற்காக அமைந்துள்ளது என்றால் கிழக்கே போகவும் மேற்கே போகவும் அது ஒரேபோல் இடம் தரும். இத்தகைய திசைச்சார்பை ‘ஓரச்சுத் திசைச்சார்பு’ என்போம். அச்சு வேறு, திசை வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் திசை என்றே கூறிவிடுகிறோம். 1956ஆம் ஆண்டு வரை அவ்வாறு கூறியதால் பெரிய கேடு விளையவில்லை.

5. ஏடு மெலியும்போது

ஏடு என்னும் தமிழ்ச் சொல் ஓலையையும் குறிக்கும். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையையும் குறிக்கும். பரப்பில் அகன்று தடிமனில் மெலிந்த ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆகவே படலம் என்று கூறுவாரை மறுக்காமலே ‘மெல்லேடு’ என நாம் எழுதுகிறோம்.

எவ்வளவு மெலிவு? நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பால்மரத்தில் உளி ஒருமுறை சீவும் பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் எனக் கொண்டால், 10 நானோமீட்டர் ஏடுகள் ஓரிலட்சம் அடுக்கினால்தான் அச்சீவலின் தடிமன் கிட்டும். காற்று நீக்கிய அறையில் ஓர் உலோகத் தகட்டின் மீது ஆர்கான் அயனிகளை மோதச் செய்வர். அதிலிருந்து தெறிக்கும் அணுக்கள் எதிரே உள்ள தட்டின் மீது வந்து படியும். தகடுகளை மாற்ற மாற்ற வேறு வேறு ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்.

இத்தகைய ஏட்டில் காந்தம் பொதுவாகப் பரப்பினூடே படுத்துக் கிடக்கவே விரும்பும். செங்குத்தாக எழுந்தால் ஏட்டின் இரு முகப்பிலும் காந்த முனைகள் தோன்றி ஆற்றல் கூடும். இது வடிவத்தால் வரும் திசைச்சார்பு. ஆனால் ஏடு சில அணுக்களின் தடிமனுக்கு மெலிந்துவிட்டால் நிலைமை தலைகீழாகலாம். மிக மெல்லிய ஏட்டில் உள்ளணுக்களினும் எல்லையணுக்களே முதன்மை பெறுகின்றன. மேலே ஒருவகை அண்டை, கீழே வேறுவகை அண்டை என்று நிற்கும் எல்லையணுவுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. கோபால்ட்டையும் பிளாட்டினத்தையும், அல்லது கோபால்ட்டையும் பல்லேடியத்தையும் மாறி மாறி மெல்லேடுகளாக அடுக்கும்போது எல்லையின் விருப்பம் வடிவத்தின் விருப்பத்தை வென்று காந்தம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. 1980களில் இது நிறுவப்பட்டது.

6. இடம்பெயர்ந்த கண்ணி

இரும்புத் துண்டொன்றைக் காந்தப்புலத்தில் வைத்துப் புலத்தை வலுப்படுத்தி, பின் குறைத்து, எதிர்ப்புறமாக வலுப்படுத்தி, மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்தால், துண்டின் காந்தம் புலத்தை உடனுக்குடன் பின்பற்றுவதில்லை, பின்தங்கியே வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் தயக்கம் என்றும், வரைபடத்தில் தோன்றும் மூடிய வளைவைத் தயக்கக் கண்ணி என்றும் அழைக்கின்றன. சொல்லாக்கத்தில் கிடைத்த நற்பேறுகளுள் ஒன்று இது. கிரேக்க மூலச் சொல்லுக்கும் பின்தங்குதல் என்பதே பொருள்; தமிழ்ச் சொல்லோ அத்துடன் மனத்தின் தயக்கத்தையும் சேர்த்துத் தருகிறது.

ஓரச்சுத் திசைச்சார்புடைய காந்தத்தில் இக்கண்ணி சுழிப்புள்ளியின் இருபுறமும் சமமாக அமையும். வலப்பக்கம் திருப்ப எவ்வளவு புலம் வேண்டுமோ இடப்பக்கம் திருப்பவும் அவ்வளவே வேண்டும். முனைகள் இரண்டும் ஒன்றே என்பதன் விளைவு இது.

1956இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் மைக்கிள்ஜான், பீன் என்னும் இருவர் கோபால்ட் நுண்துகள்களை ஆய்ந்தனர். அத்துகள்களின் மேற்பரப்பு காற்றுடன் வினைபுரிந்து கோபால்ட் ஆக்சைடு உறையாக மாறியிருந்தது. அவற்றைக் காந்தப்புலத்தில் வைத்து 77 கெல்வின் வரை, அதாவது −196 பாகை செல்சியஸ் வரை, குளிர்வித்துத் தயக்கக் கண்ணியை வரைந்தபோது அது நடுவில் அமையாமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தது. காந்தத்தை ஒரு பக்கம் திருப்புவது எளிதாகவும் மறுபக்கம் திருப்புவது மிகக் கடினமாகவும் இருந்தது.

அவர்கள் முறுக்கத்தையும் அளந்தனர். கிருஷ்ணன் கேட்ட வினாவே இங்கும் கேட்கப்பட்டது. சாதாரணக் கோபால்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது அமைதியாக நிற்கும் நிலைகள் இரண்டு. உறையிட்ட துகள்களுக்கோ அத்தகைய நிலை ஒன்றே ஒன்று. அச்சின் இரு முனைகளும் சமம் என்னும் விதி இங்கே உடைந்துவிட்டது. தாம் கண்டது புதிய வகைக் காந்தத் திசைச்சார்பு என அவர்கள் அறிவித்தது முற்றிலும் பொருந்தும்.

இப்போது சொல்லின் இடர் வெளிப்படுகிறது. அச்சையும் திசையையும் நாம் ஒன்றாக வழங்கி வந்திருந்தால் இப்புதுமையைக் கூற வாய்ப்பே இல்லை. ‘ஒருதிசைத் திசைச்சார்பு’ என்றால் கூறியது கூறலாக ஒலிக்கும்; முந்தையதினின்று எவ்வாறு வேறுபட்டது என்பதும் விளங்காது. தமிழில் இதற்கு ஏற்ற சொல் ஆயத்தமாக உள்ளது. அச்சுக்கு முனை இரண்டு. ஆளுக்கு முகம் ஒன்று. தெருவைப் பார்த்த வீட்டை ‘கிழக்கு முகம்’ என்கிறோம். அவ்வீடு மேற்கையும் நோக்குவதாக எவரும் பொருள்கொள்ளார். ஆகவே பழையதை ‘ஓரச்சுத் திசைச்சார்பு’ என்றும், புதியதை ‘ஒருமுகத் திசைச்சார்பு’ என்றும் கூறுவோம். கண்ணி ஒருபுறம் ஒதுங்கும் நிகழ்வைப் ‘பரிமாற்றச் சாய்வு’ என்போம்.

7. எதிரிணைக் காந்தம்

கோபால்ட் ஆக்சைடும் காந்தப் பொருளே. ஆனால் வேறு வகை. பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1930களில் இவ்வகையை முன்மொழிந்தார். 1970இல் நோபல் பரிசு பெற்றார். 1949இல் ஷல், ஸ்மார்ட் ஆகியோர் நியூட்ரான் கதிர்களைக்கொண்டு மாங்கனீசு ஆக்சைடில் அதனை நேராகவே கண்டனர். அண்டை அணுக்கள் ஒரே பக்கம் நோக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர் நோக்கும் ஒழுங்கு அது. பாடநூல்கள் எதிர் ஃபெர்ரோ காந்தம் என்கின்றன. அப்பெயர் ஃபெர்ரோ காந்தத்துக்குப் பகையானது என்னும் எண்ணத்தைத் தரும். உள்ளே எதிரெதிர் இணைகளாக அமைந்தது என்பதே கருத்தாதலின் ‘எதிரிணைக் காந்தம்’ எனலாம்.

விடியற்காலைப் பெரட்டுக்களத்தை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் கிராணியை நோக்கி ஒரே முகமாக நிற்பது ஃபெர்ரோ காந்தம். முதல் வரிசை கிழக்கு, இரண்டாம் வரிசை மேற்கு, மூன்றாவது மீண்டும் கிழக்கு என நிற்பது எதிரிணைக் காந்தம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாவது கூட்டம் எப்பக்கமும் நோக்குவதாகத் தோன்றாது. வெளியிலிருந்து எழும் குரலுக்கும் அது திரும்பாது. கிழக்கு வரிசையை இழுக்கும் புலம் மேற்கு வரிசையைத் தள்ளும். இரண்டும் ஈடாகிவிடும்.

இவ்விரு கூட்டங்களையும் அருகருகே நிறுத்தி எல்லையில் உள்ளவர்களைக் கைகோக்கச் செய்வதே பரிமாற்றச் சாய்வின் சூழ்ச்சி. வெப்பம் மிகுந்தபோது எதிரிணைக் காந்தம் ஒழுங்கிழந்து கிடக்கும். அப்போது வெளிப்புலத்தால் ஃபெர்ரோ ஏட்டை ஒரு முகமாக நிறுத்த வேண்டும். பின்னர்க் குளிரவிட்டால் எதிரிணை ஏட்டின் எல்லை வரிசை தன் அண்டையைப் பார்த்து அதற்கேற்ப நிற்கும். அடுத்த வரிசை அதற்கு எதிராக, அதற்கடுத்தது மீண்டும் எதிராக என ஒழுங்கு உறையும். உறைந்தபின் வெளிப்புலம் அதனை அசைக்காது. இனி ஃபெர்ரோ ஏட்டைத் திருப்ப முயன்றால் எல்லையில் கோத்த கைகள் பின்னிழுக்கும். முன்பு எவரைப் பார்த்து நின்றதோ அவரையே பின்னர்ப் பிடித்து நிறுத்துகிறது எதிரிணை ஏடு.

வெப்பநிலை இங்கே தீர்க்கமான கூறு. கோபால்ட் ஆக்சைடு ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்கு மேல் இவ்வொழுங்கை இழக்கும். 30 பாகையைத் தாண்டும் கெடாவின் நண்பகலில் அது பயன்படாது. தொழிற்பயனுக்கு இரிடியம்–மாங்கனீசு போன்ற உலோகக் கலவைகளே ஏற்றவை. அவற்றின் ஒழுங்கு கொதிநீரின் வெப்பத்தினும் மிக உயர்ந்த வெப்பம் வரை நிலைக்கும்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று கூறுதல் நேர்மையன்று. எல்லையணுக்கள் அனைத்தும் கைகோக்கின்றன எனக் கணக்கிட்டால் கிடைக்கும் சாய்வு, ஆய்வகத்தில் அளக்கப்படுவதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. மெய்யான எல்லை மேடும் பள்ளமுமானது. அங்கே கிழக்கு முகத்தார்க்கு அருகிலேயே மேற்கு முகத்தாரும் நிற்பதால் பெரும்பாலான பிடிகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. ஈடுசெய்யப்படாமல் எஞ்சும் சிலருடைய பிடியே நாம் அளக்கும் சாய்வு என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. ஃபெர்ரோ ஏடு தடிக்கத் தடிக்கச் சாய்வு குறையும் என்பதும் உறுதியானது. பிடிப்பது எல்லை, பிடிபடுவதோ ஏடு முழுதும்.

8. கூலிமில்

தமிழர் கடாரம் என்றழைத்த நிலம் இது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். பூஜாங் பள்ளத்தாக்கை அடுத்த சுங்கை பத்துவில் பழங்கால இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இரும்புக்கும் இம்மண்ணுக்கும் உள்ள தொடர்பு நெடியது. அதன் இன்றைய அதிகாரம் கூலிமில் எழுதப்படுகிறது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஃபூஜி எலக்ட்ரிக் நிறுவனம் வன்தட்டுகளுக்கான காந்தத் தட்டுகளைத் தயாரித்து வந்தது. சுற்றிலும் இருந்த தோட்டங்கள் பலவற்றின் பிள்ளைகள் உளியை விட்டு இத்தகைய தொழிற்சாலைகளின் தூய அறைகளுக்குள் சென்றனர்.

அத்தட்டில் நடப்பது என்ன? வழவழப்பான அலுமினியத் தட்டின் மேல் பல மெல்லேடுகள் படிகின்றன. அவற்றுள் ருத்தேனிய ஏடு, தன்மேல் வரும் கோபால்ட் கலவையின் அறுகோணத் தூண்களை நிமிர்த்தி நிறுத்துகிறது. கோபால்ட்டுடன் குரோமியமும் பிளாட்டினமும் கலந்த அவ்வேட்டின் ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 8 நானோமீட்டர் அகலமுடையது. எளிய அச்சு செங்குத்தாக இருப்பதால் மணியின் காந்தம் மேல்நோக்கும், அல்லது கீழ்நோக்கும். இவ்விரண்டுமே ஒன்றும் சுழியுமாகச் செய்தியைத் தாங்குகின்றன. இவ்வாறு நிமிர்த்தி எழுதும் முறையை 1970களில் ஜப்பானின் இவாசாக்கி முன்மொழிந்தார்; 2005இல் அது விற்பனைக்கு வந்தது.

மணி சிறிதாகச் சிறிதாகத் தட்டு கூடுதலான செய்தியைக் கொள்ளும். ஆனால் மிகச் சிறிதானால் அறையின் வெப்பமே அதன் காந்தத்தைப் புரட்டிவிடும். எழுதியது தானே அழியும். பத்தாண்டு நிலைக்க வேண்டுமாயின் மணியின் திசைச்சார்பு ஆற்றல், வெப்ப அசைவின் ஆற்றலைப்போல ஏறத்தாழ 60 மடங்கு இருக்க வேண்டும். திசைச்சார்பு நினைவின் காவலாகிறது. இங்கு வேண்டுவது ஓரச்சு வகை. இரு முனைகளும் சமமாக இருந்தால்தான் ஒன்றையும் சுழியையும் ஒரேபோல் எழுதலாம்.

படிக்கும் கருவிக்கு வேண்டுவதோ ஒருமுகம். அதில் இரு ஃபெர்ரோ ஏடுகள் உண்டு. ஒன்று எதிரிணை ஏட்டோடு பிணைக்கப்பட்டு முகம் மாறாது நிற்கும்; அதனைக் கட்டுண்ட ஏடு எனலாம். மற்றது கட்டற்ற ஏடு. கீழே சுழலும் தட்டிலிருந்து எழும் மெல்லிய புலத்துக்கேற்ப அது திரும்பும். இரண்டின் முகங்களும் ஒத்தால் மின்தடை குறையும், எதிர்த்தால் கூடும். இவ்விளைவை 1988இல் ஃபெர்ட், குருன்பெர்க் இருவரும் தனித்தனியே கண்டு 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். 1997இல் ஐபிஎம் நிறுவனம் இதனை வன்தட்டுகளில் கொணர்ந்தது. கட்டுண்ட ஏடு அசையாதிருந்தால்தான் கட்டற்ற ஏட்டின் அசைவுக்குப் பொருள் உண்டு. ஒப்பிட ஒரு நிலைத்த முகம் வேண்டும். அதனைத் தருவது பரிமாற்றச் சாய்வு.

9. முடிவாக

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் அறிவியலைத் தமிழில் கற்பித்து வந்தன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. 2009இல் அதனைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த விவாதங்களில் ‘தமிழில் சொற்கள் உள்ளனவா?’ என்னும் வினா மிகுதியாகக் கேட்கப்பட்டது. வினா சரியாக அமையவில்லை என்பது நம் கருத்து. சொற்கள் எம்மொழியிலும் முன்கூட்டி இருப்பதில்லை. 1956க்கு முன்னர் ஆங்கிலத்திலும் பரிமாற்றச் சாய்வுக்குச் சொல் இல்லை. பொருளை அறிந்தவர் தம் மொழியில் அதனைக் கூற முயலும்போதே சொல் பிறக்கிறது. அச்சு, முகம், ஏடு, தயக்கம், சாய்வு ஆகிய எதுவும் நாம் புதிதாகப் படைத்ததன்று. வீட்டிலும் தெருவிலும் கிடந்தவையே. எது எங்கே பொருந்தும், எங்கே மயக்கம் தரும் என ஆராய்ந்து பொருத்துவது மட்டுமே நம் வேலை. ஃபெர்ரோ, கோபால்ட், ருத்தேனியம் போன்றவற்றை அப்படியே ஏற்பதால் மொழி குறைவுபடாது. அச்சையும் முகத்தையும் பிரித்துக் கூறாவிட்டால்தான் கருத்து குறைவுபடும்.

கூலிமில் கேட்ட அம்மையாருக்கு இன்று இவ்வாறு கூறுவோம். உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள்: “அம்மா, நீங்கள் வெட்டிய மரத்தில் பால்குழாய்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, அதனை அறிந்து கோடு இறக்கினீர்கள். நான் பார்க்கும் தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத தூண்கள் நிற்கின்றன. அவை நேராக நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதே என் வேலை. சாய்ந்தால் எழுதியது நிற்காது.” இருவர் தொழிலும் திசையை அறிந்து செய்யும் தொழில். அதனை ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் மொழி அவ்வீட்டில் ஏற்கெனவே உள்ளது.